நான் கழற்றச் சொன்ன படம்

போன மாதம் நடீன் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ஆலோசனை நிலையத்தில் இப்போது இருக்கிற இளம் பெண். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் ஒரு மணித்தியாலம் பேச வேண்டும் என்று கேட்டாள். இப்போதெல்லாம் கடையின் பெயரையும் நாலு சொல்லையும் கணினியில் தட்டினால் தேநீர் ஆறுவதற்குள் முப்பது சின்னம் வந்து விழுகிறதாம். நிறம், எழுத்து, வாசகம் எல்லாம் தயாராக வருகிறதாம். "அப்ப நீங்கள் அந்த நேரம் என்னதான் செய்தனீங்கள்?" என்றாள். தெருவில் நின்றோம் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்தாள்.

நடீன் கேட்டது ஜெர்மனில். இதில் வருகிற பேச்சு பெரும்பாலும் ஜெர்மனில் பேசியதுதான். ஆனால் இத்தனை வருடம் கழித்து எல்லாமே என் காதில் யாழ்ப்பாணத்துப் பேச்சாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை.

நான் எண்பதுகளில் ஜெர்மனிக்கு வந்தவள். ஆஸ்பத்திரிச் சமையலறை, பிறகு ஓர் அச்சகத்தில் துப்புரவு, அதே அச்சகத்தில் மேசை வேலை. முப்பத்தைந்து வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விளம்பரத் தொழிலுக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைப் படித்து முடித்தேன். படித்த கதையைச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும், விட்டுவிடுவோம். யூரோ வந்த காலத்தில் ஹம் நகரத்தில் சிறு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஆபிரிக்கப் பின்னணி கொண்ட தொழில்முனைவோருக்குப் பெயர், பலகை, விளம்பரம் பற்றி ஆலோசனை சொல்ல அங்கே புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். என்னை ஏன் எடுத்தார்கள் என்று பெரிதாக யோசிக்கத் தேவையில்லை. அங்கே இருந்த ஒன்பது பேரில் கறுப்பு நான்தான்.

ஆபிரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. அதைவிட மோசம், எங்கள் சனம் கறுப்பினத்தவரைச் சொல்லுகிற ஒரு கூடாத சொல்லை நானும் வீட்டில் கேட்டு, சொல்லி வளர்ந்தவள். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். வேலைக்குப் போன முதல் நாள் அது என் வாயில் இருந்ததை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மேலதிகாரி திருமதி லிண்ட்னர், ஜெர்மன் முறைப்படி ஃபிராவ் லிண்ட்னர். அறுபதை நெருங்கியவர், குட்டை முடி, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பச்சை ஜாக்கெட். யாரையும் பிழை என்று சொல்ல மாட்டார். எங்கள் அறிக்கையை வாசிப்பார், பென்சிலைச் சீவுவார், ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அறிக்கையை நாமே திருப்பி எடுத்துக்கொண்டு எழும்ப வேண்டியதுதான். சீவின துகளை உள்ளங்கையில் சேர்த்துக் குப்பைக் கூடையில் போடும்வரை வேறு எதுவும் பேச மாட்டார். எனக்கு அவரில் பயம். பயத்துக்குள்ளே ஒரு பிரியமும் இருந்தது.

அவருடைய முறை இதுதான். ஒரு கடைக்காரர் ஆலோசனைக்கு வந்தால், பெயரையோ நிறத்தையோ பற்றி வாய் திறக்குமுன் அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கத் தெருவில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம். ஒரு சின்னக் கொப்பியில் பென்சிலால் எழுத வேண்டும். பேனை மழையில் கரையும், பென்சில் கரையாது. யார் நடை தளர்ந்தார், யார் கழுத்தைத் திருப்பினார், யார் உள்ளே போனார். கொப்பியில் 'வாடிக்கையாளர்' என்று எழுதக் கூடாது, 'சனங்கள்' என்று எழுதக் கூடாது. 'சிவப்புக் குடை, வயதான ஆண்' என்று எழுத வேண்டும். யாராவது பொதுவாக 'அவர்கள்' என்று சொன்னால் உடனே கேட்பார்: "நீங்கள் ஆரைச் சொல்லுறீங்கள்?" கடைசியாக ஒரு கட்டளை. எது நடந்தாலும் தெருவைக் கடக்கக் கூடாது. கடந்தால் பார்க்கிற ஆள் போய், விற்கிற ஆள் ஆகிவிடுவோம் என்பார்.

முதல் வருடமே எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது. தொகோ நாட்டுக்காரர் ஒருவர், மௌரிஸ், தையற்கடை வைத்திருந்தார். கடை நாகரிகமாக இருக்க வேண்டும் என்று தையல் மெஷினைப் பின்னறைக்குத் தள்ளி, முன்னால் பூச்சாடி வைத்திருந்தார். நான் மூன்று நாள் நின்று பார்த்தேன். பூச்சாடியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் மட்டும் வெளிச்சத்துக்காக மெஷினை முன்னால் இழுத்து உட்கார்ந்து தைத்தார். அன்றைக்கு நாலு பேர் நின்று பார்த்தார்கள், இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் காற்சட்டையோடு திரும்பி வந்தார்கள். மெஷினை ஜன்னலிலேயே வையுங்கள் என்றேன், அவ்வளவுதான். வசந்தத்தில் கடையில் ஆள் நிற்க இடமில்லை. ஃபிராவ் லிண்ட்னர் என் அறிக்கையை வாசித்துவிட்டுப் பென்சில் சீவவில்லை. எனக்குத் தலை கால் தெரியவில்லை. இனி எனக்குத் தெரியாத கடை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அபேனா வந்தது அதற்குப் பிறகு.

கானாவில் குமாசியில் பிறந்தவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஹம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் முடி அலங்காரக் கடை. ஜெர்மனியில் முடி வெட்டும் கடை வைப்பதற்கு மைஸ்டர் என்கிற தொழில் தேர்ச்சிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், அதையும் செய்திருந்தாள். மூன்று வருடப் பயிற்சியில் தன் தலையில் இருக்கிற மாதிரி முடியை ஒரு தரமும் தொட்டதில்லை என்றாள். பள்ளிக்கூடத்துப் பொம்மைத் தலைகள் எல்லாவற்றிலும் நேரான முடிதானாம். தனக்குத் தெரிந்த வேலைக்குப் பரீட்சையும் இல்லை, பரீட்சை எழுதின வேலைக்கு ஆளும் வருவதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். முதல் நாளே என்னை சிஸ்டர் என்றாள்.

அவளுடைய பிரச்சினை இதுதான். சனிக்கிழமை கடை நிறைந்து வழியும், மற்ற நாட்களில் கதிரைகள் சும்மா கிடக்கும். வீட்டுச் சொந்தக்காரர் மார்ச் முடிவுக்குள் பதில் கேட்டிருந்தார். இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையை விட வேண்டும். வார நாட்களும் நிறைந்தால்தான் அவளால் கையெழுத்து வைக்க முடியும். விட்டால் லண்டன். அங்கே இருந்த அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் வா வா என்று அரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் எங்கள் சனமும் லண்டனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. என் தம்பி குடும்பத்தோடு போய்விட்டான், பக்கத்து வீட்டு சாந்தி அக்கா போய்விட்டா. ஒவ்வொரு பள்ளி விடுமுறை முடிய ஒரு வீடு காலியாகும். இவளையும் போக விடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஆலோசகருக்கு இருக்க வேண்டியதைவிட அது கொஞ்சம் அதிகம்.

செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் எதிர்த் தெருவில் நின்றேன். சனிக்கிழமை நிற்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம். நானும் அங்கே இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்று வெவ்வேறு நாள் என்பதுதானே விதி, அது சரியாகத்தானே இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கடையின் பெரிய ஜன்னலை ஒரே ஒரு படம் அடைத்திருந்தது. இருபத்தைந்து வயதில் எடுத்த அபேனாவின் படம். பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள், சிரிக்கவில்லை. வரிவரியாகப் பின்னின முடி உச்சந்தலையில் சுருண்டு நிற்கிறது. வெயிலில் நீலம் பாரித்துப்போயிருந்தது. மேலே சிவப்பு, மஞ்சள், பச்சையில் கையால் எழுதின பெயர். வார நாளில் அந்த வழியால் போன ஜெர்மன்காரர் படத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள், நடையைக் குறைக்காமல் போய்விடுவார்கள். கொப்பியில் பக்கம் பக்கமாக அதைத்தான் எழுதினேன். இந்தப் படம் அவர்களைப் பார்த்து 'உனக்கில்லை' என்று சொல்கிறது என்று முடிவு கட்டினேன்.

பலகை எழுதுகிற யோகன் அண்ணையிடம் போனேன். ஊரில் கடைகளுக்குப் போர்டு எழுதினவர், இங்கே கராஜ் ஒன்றில் ஒட்டுத்தாளில் எழுத்து வெட்டிக் கொடுப்பார். படத்தை எடுத்துவிட்டால் இப்போது வருகிற ஆட்கள் வராமல் விட்டுவிடுவார்களோ என்று அவரிடம் கேட்டேன். அவர் கத்தியை வைக்காமலே சொன்னார்: "எங்கட தமிழ்க் கடைக்கு நாலு வருசம் ஒரு போர்டும் இல்லை தங்கச்சி. நிலவறைக்குள்ள இருந்தது. சனம் வராமலே விட்டது? சொந்தச் சனத்துக்குப் போர்டு தேவையில்லை. அதுகள் ஒண்டுக்கொண்டு சொல்லி எப்பிடியும் வந்து சேரும்."

அது உண்மைதான். நான் ஹம்முக்கு வந்து இரண்டாம் நாளே கருவேப்பிலை எங்கே, வெத்திலை எங்கே, யார் தலைமுடி வெட்டுவார், யார் பல்லுப் பிடுங்குவார் என்று எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு மாமி சொல்வார், அந்த மாமிக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. அபேனாவிடம் போய்ப் படத்தைக் கழற்றச் சொன்னேன்.

அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்றாள்.

"உங்கட ஆக்கள் எப்பிடியும் வருவினம்," என்றேன். "மற்றவைக்குத்தான் போர்டு."

"எங்கட ஆக்கள்?" என்று கேட்டு என்னைப் பார்த்தாள். நான் படித்தவள், அலுவலகத்தில் இருந்து வந்தவள், அவளுடைய நிறத்துக்குக் கிட்டவாக இருப்பவள். என்னை நம்பினாள்.

படம் இருந்த இடத்தில் அவளுடைய மைஸ்டர் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம். அது முழுக்க என் யோசனை. எங்கள் வீடுகளில் பிள்ளை பட்டம் வாங்கின படம்தான் முன்னறையில் முதலில் கண்ணில் படும். பத்திரம் இருந்தால் மரியாதை வரும் என்பது எனக்கு இரத்தத்தில் ஊறினது. மேலே கைவண்ணப் பெயருக்குப் பதிலாக 'ரயில் நிலைய முடிக்கலையகம்' என்று ஜெர்மனில், மெல்லிய சாம்பல் எழுத்துகளில் யோகன் அண்ணை ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தேன். ஒரு வங்கி மாதிரி இருந்தது. எனக்கு வலு திருப்தி.

நவம்பரில் மாற்றினோம். ஜெர்மன் பாட்டி ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் முடி சுருட்ட வரத் தொடங்கினார். இன்னும் இரண்டு மூன்று பேர் விலை கேட்டுவிட்டுப் போனார்கள். டிசம்பர் நடுவில் அபேனா என்னை அழைத்தாள். சனிக்கிழமைக் கதிரைகளும் காலியாகிவிட்டன என்றாள். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு எதிர்த் தெருவில் போய் நின்றேன். குளிரில் பென்சிலைப் பிடிக்க ஏலாமல் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் உள்ளே போனது ஒருவர். ஆனால் ஒரு காட்சி எனக்கு நம்பிக்கை தந்தது. கொப்பியில் இப்படி எழுதினேன்: 'சாம்பல் கோட், ஜெர்மன் பெண். கையில் பிள்ளை, நீலக் கம்பளித் தொப்பி. கடைக்கு முன்னால் மூன்று தரம் நடந்தார். உள்ளே போகவில்லை.' சனிக்கிழமையில்கூட ஜெர்மன்காரர் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், இனிப் பிடித்துக்கொள்ளும் என்று அறிக்கையில் சேர்த்துக் கொடுத்தேன்.

ஃபிராவ் லிண்ட்னர் வாசித்தார். பென்சிலைச் சீவினார். துகளைக் கூடையில் போட்டார்.

"இவ என்ன தேடினவ?"

"தேடேல்லை. கடையைப் பாத்தவ."

"ஒருக்கா நிண்டால் பாக்கிறது," என்றார். "மூண்டு தரம் நடந்தால் தேடுறது."

அறிக்கையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவர் கொளுவியில் தொங்கின தன் பச்சை ஜாக்கெட்டைக் காட்டி, வாற சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார். என் காலத்தில் அவர் யாரோடும் தெருவுக்கு வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் நின்றோம், சாம்பல் கோட்டுக்காரி வரவில்லை. நத்தார்ப் பண்டிகை முடிந்து வந்த சனிக்கிழமையும் நின்றோம். ஜனவரியில் மூன்றாவது தரம். அபேனாவுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான் இருந்தது. பதினொரு மணிபோல ரயில் நிலையப் பக்கமிருந்து அந்தப் பெண் வந்தார். அதே கோட், அதே பிள்ளை, காது மூடின அதே நீலத் தொப்பி. கடையைக் கடந்தார், பக்கத்து ஜன்னல்களைப் பார்த்தார், திரும்பி வந்தார். மைஸ்டர் பத்திரத்துக்கு முன்னால் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துப் பக்கம் திரும்பினார்.

ஃபிராவ் லிண்ட்னர் தெருவைக் கடந்தார். இடம் வலம் பார்க்காமல், ஒரு கார் பிரேக் போட, பச்சை ஜாக்கெட் பறக்கக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அந்தப் பெண் சோஸ்ட் நகரத்துக்காரி. பிள்ளைக்கு ஆறு வயது, கைக்குழந்தையாக இருக்கும்போது தத்தெடுத்தாராம். கோடையில் பஸ்ஸில் போகும்போது இந்தத் தெருவில் ஒரு ஜன்னலில் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் படத்தைக் கண்டாராம். அவசரத்தில் இறங்க முடியவில்லை, தெருவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார். குளிர்காலம் தொடங்கினதிலிருந்து நாலு தரம் ரயில் ஏறி வந்துவிட்டாராம். அந்தக் கடை மூடிவிட்டது போல, படத்தைக் காணவில்லை என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தொப்பியை மெதுவாக எடுத்துக் காட்டினார். பிள்ளையின் முடி திரண்டு, பின் கழுத்தில் கட்டியாக ஒட்டியிருந்தது. தனக்குச் சீவத் தெரியவில்லை, சீவினால் பிள்ளை கத்துகிறது, சோஸ்டில் நாலு கடையில் ஏலாது என்றுவிட்டார்கள், வெட்டி எறி என்றார்கள் என்றார். திங்கட்கிழமை வெட்டுவதற்கு டெர்மின், அதாவது நேரம் குறித்து, எடுத்திருந்தார்.

கறுப்புப் பிள்ளை. நான் கொப்பியில் தொப்பியின் நிறத்தை எழுதியிருந்தேன்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனோம். அபேனா பிள்ளைக்குக் கிட்ட வந்தாள். முன்னால் முழங்காலிட்டு, தன் தலையில் இருந்த துணியை அவிழ்த்தாள். பிள்ளை அவளுடைய தலையை வெகுநேரம் பார்த்தது. பிறகு கையை நீட்டி முடியைத் தொட்டது.

"உங்களுக்கும் இப்பிடியே?"

"ஓம் குஞ்சு. எனக்கும் இப்பிடித்தான்."

நாலு மணித்தியாலம் எடுத்தது. எண்ணெய் தடவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே சீவினாள். ஒரு இடத்தில் மட்டும் வெட்ட வேண்டி வந்தது. பிள்ளை அழவில்லை, பாதியில் நித்திரையாகிவிட்டது. தாய் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கைவேலையையும் பார்த்தார். ஃபிராவ் லிண்ட்னர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், முதல் முறையாக அவர் கையில் பென்சில் இல்லை.

அவர்கள் போன பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். அபேனா தரையைக் கூட்டிக்கொண்டே கதைத்தாள். தன் சனிக்கிழமை ஆட்களை ஒவ்வொருவராகச் சொன்னாள். அங்கோலாக்காரி ஒருத்தி, லிப்ஸ்டாட் நகரத்தில் தனியாக இருக்கிறாள். எரித்ரியா நாட்டுத் தாதி. தகப்பன் அமெரிக்கச் சிப்பாய், அவரை ஒரு நாளும் கண்டிராத ஐம்பது வயது ஜெர்மன்காரி. கிழக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பிறந்து இங்கே படிக்க வந்த மாணவி, தாய் ஜெர்மன், தகப்பன் மொசாம்பிக்.

"நீ எங்கட ஆக்கள் எண்டு சொன்னனீ," என்றாள். "இவையள் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆக்கள், சிஸ்டர். ஒரு பாஷை இல்லை, ஒரு ஊர் இல்லை. இந்தப் பிள்ளைக்கு மாமி இருக்கே, கடை எங்க எண்டு சொல்ல? அந்தப் படம்தான் சொன்னது."

கறுப்பு என்றால் எல்லோரும் ஒரே ஊர் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு சனம் இருந்தது. அது எவ்வளவு பெரிய சொத்து என்று அன்றைக்குவரை எனக்குத் தெரியாது. இல்லாதவர்களுக்கு ஒரு ஜன்னல்தான் இருந்தது. அதையும் நான்தான் கழற்றினேன்.

திங்கட்கிழமை யோகன் அண்ணை வந்தார். ஒட்டின எழுத்தைச் சூடு காட்டித்தான் உரிக்க வேண்டும். அபேனா முடி உலர்த்துகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் ஒவ்வொரு எழுத்தாக உரித்தார். "நான் சொன்னது பிழைச்சுப் போச்சு தங்கச்சி," என்று அவர் என்னிடம் சொன்னார். கேட்டது நான்தானே என்றேன். பழைய படத்தை எடுத்த ஸ்டூடியோவில் நெகட்டிவ் இருந்தது, முன்னையதைவிடப் பெரிதாக, நீலம் பாரிக்காததாக அச்சடித்தோம். பத்திரம் பக்கச் சுவருக்குப் போனது. அதே படத்தைத் தபாலட்டையாக அடித்து, நானே ரயிலில் ஊர் ஊராகப் போய்க் குழந்தை வைத்தியர்களின் காத்திருக்கும் அறைகளில் வைத்தேன். சோஸ்ட் பெண் கேட்டதால், பிள்ளைகளின் முடியைப் பராமரிக்கத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு ஒன்றைச் செவ்வாயில் தொடங்கினாள் அபேனா. பிறகு புதனிலும் தொடங்க வேண்டி வந்தது. நான் ஜெர்மன்காரரைக் கொண்டுவரப் பார்த்தேன். அவர்கள் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தைத் தேடித்தான் வந்தார்கள்.

மார்ச் கடைசியில் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தாள்.

அந்த ஐந்து வருடத்தைத்தான் நான் இப்போது உட்கார்ந்து நினைக்கிறேன். ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை நடந்த கோடையில் கானாவும் விளையாட வந்தது. அந்தக் கடையில் தலைக்குத் தலை கொடி நிறத்தில் மணி கோத்துப் பின்னினார்கள். சோஸ்ட் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் கானா. யோகன் அண்ணைக்கு முடியே இல்லை, மொட்டைத் தலையில் ஒரு நட்சத்திரம் வரைந்துவிட்டார்கள். நான் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போவேன், அவள் காரமான தக்காளிச் சோறு வைத்திருப்பாள், எது உறைப்பு என்று சண்டை பிடிப்போம். வேலை முடிந்த ஒரு நாள் என்னைத் தரையில் இருக்கச் சொல்லி, தன் முழங்கால்களுக்கு நடுவில் என் தலையைப் பிடித்து எண்ணெய் வைத்துச் சீவினாள். நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருடத்தில் என் தலையை வேறு ஒருவர் சீவினது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை, சீவுவதை நிறுத்தவும் இல்லை.

குத்தகை முடிகிற வருடம் லண்டனில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையானா. இந்த முறை வா என்று கூப்பிட்டது அக்காவின் பிள்ளைகள். எந்த ஆலோசனைக்கும் அதற்குப் பதில் இல்லை. படத்தை அவளே கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். என்னிடம் தந்துவிட்டுப் போவாளோ என்று ஒரு ஆசை இருந்தது, கேட்கவில்லை. அது அவளுடைய முகம். ஃபிராவ் லிண்ட்னர் ஓய்வு பெற்று, பிறகு காலமாகிவிட்டார். யோகன் அண்ணையும் இல்லை. எனக்கு வாய்த்த சனம் எல்லாம் போய்க்கொண்டே இருக்கிற சனம்.

நடீன் போன அடுத்த சனிக்கிழமை, எனக்கு யாரும் தராத ஒரு டெர்மினுக்குப் போனேன். அந்தத் தெருவில், எதிர்ப்பக்கத்தில், கொப்பியும் பென்சிலுமாகப் போய் நின்றேன். கடையில் இப்போது கைபேசி உறைகள் விற்கிறார்கள். நடீன் கேட்ட பேச்சில் புதியவர்களுக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நாற்பது நிமிடம் இருக்கும். ஓர் இளைஞர் வந்தார், வெள்ளைக்காரர். நெஞ்சில் கட்டின துணியில் ஒரு குழந்தை. கடையைக் கடந்தார், கைபேசியைப் பார்த்தார், வீட்டு இலக்கத்தைப் பார்த்தார், திரும்பி வந்தார். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் திரும்பினபோது நான் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

"படத்தைத் தேடுறியளோ?" என்று கேட்டேன்.

ஓம் என்றார். இணையத்தில் ஏதோ ஒரு பழைய பக்கத்தில் இந்த விலாசமும் அந்தப் படமும் இன்னும் இருக்கிறதாம். குழந்தையின் தாய் கென்யாக்காரி, போன வருடம் இறந்துவிட்டாவாம். குழந்தையின் முடியை என்ன செய்வதென்று தனக்குத் தெரியவில்லை என்றார்.

அபேனா லண்டன் போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், திரும்பிப் போகப் பார்த்தார். பொறுங்கோ என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அபேனாவை வீடியோவில் அழைத்தேன். கடைத் தெருவில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பிள்ளையைக் காட்டு என்றாள். கைபேசியின் முதுகு ஜன்னலில் பட, திரை குழந்தையைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தேன். அவளுக்கு இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் அன்றைக்குப் பின்னித்தான் இருந்தாள். நுனியிலிருந்து தொடங்க வேண்டும், ஈரமாக இருக்கும்போதுதான் சீவ வேண்டும் என்று அந்தத் தகப்பனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் பேனை தேடினார். என் கொப்பியையும் பென்சிலையும் கொடுத்தேன்.

குழந்தை கையை நீட்டித் திரையில் இருந்த அவளுடைய முடியைத் தொட்டது.

எனக்கும் தொட வேண்டும் போலிருந்தது.